கம்பியின் தடைத்திறனை அளக்க எந்த முறை? பல்மானி முதல் அழுத்தமானி வரை ஓர் ஒப்பீடு

கச்சான் காற்று அனலாய் வீசிய ஒரு பிற்பகலில், திருகோணமலை உவர்மலையில் நான் நடத்தும் பௌதிகவியல் வகுப்பில், மாணவர் ஒருவர் ஒரு மீற்றர் நீளமான கம்பியொன்றின் இரு முனைகளிலும் பல்மானியை (மல்ரிமீற்றரை) வைத்து 0.5 ஓம் என வாசித்து, விட்டத்தையும் அளந்து, தடைத்திறன் 5.6 × 10⁻⁸ ஓம் மீற்றர் எனக் கணித்தார். பிறகு பாடநூலின் அட்டவணையைப் புரட்டினார். அந்தப் பெறுமானத்துக்கு நேரே தங்குதன் என்ற சாம்பல்நிற உலோகம் இருந்தது. "சேர், இது செம்பு இல்லை, தங்குதன்" என்று அவர் சொன்னபோது, மோட்டர் சுற்றும் கடையில் வாங்கிய அந்தக் கம்பி அவருடைய கையிலேயே செக்கச்செவேலென்று மின்னிக்கொண்டிருந்தது.

அவருடைய கணிப்பில் பிழை ஏதும் இல்லை. வாய்பாடு சரி, அலகு சரி, பெருக்கலும் சரி. பிழைத்தது தெரிவுதான்: அந்தக் கம்பிக்கு அந்த முறை பொருந்தாது. அன்றிலிருந்து உயர்தர மாணவர்களும், ஆய்கூடத்துக்கு என்ன வாங்குவது என்று குழம்பும் இளம் ஆசிரியர்களும் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது: பல்மானி போதுமா, அம்பியர்மானியும் உவோல்ற்றுமானியும் வேண்டுமா, மீற்றர்ப் பாலம் வேண்டுமா, மின்னழுத்தத்தைச் சமப்படுத்தி அளக்கும் அழுத்தமானிக்குப் போகவேண்டுமா? எந்தக் கருவி சிறந்தது என்று தொடங்கினால் இதற்கு விடை வராது என்பதும், அளக்கப்போகும் கம்பி எது என்பதிலிருந்து தொடங்கினால் விடை பெரும்பாலும் தானே வந்துவிடும் என்பதும் என் அனுபவம்.

## எவற்றைக் கொண்டு ஒப்பிடுவது?

தடைத்திறன் என்பது கம்பியின் தடையைக் குறுக்குவெட்டுப் பரப்பளவால் பெருக்கி நீளத்தால் வகுக்க வருவது. ஆகவே மூன்று அளவீடுகள் தேவை. கீழே ஒப்பிடப்படும் முறைகள் எல்லாம் அவற்றுள் ஒன்றை, அதாவது தடையை, அளக்கும் வழியில் மட்டுமே வேறுபடுகின்றன என்பதை முதலிலேயே மனத்திற் கொள்வது நல்லது. விட்டத்தின் வழு எந்த முறையிலும் அப்படியே இருக்கும். அதைப் பின்னர் தனியாகப் பார்ப்போம்.

முதலாவதும் தலையாயதுமான அளவுகோல், அளக்கவேண்டிய தடை எவ்வளவு பெரியது என்பது. கம்பிகளின் தடிப்பை இலக்கமிட்டுக் குறிக்கும் நியமக் கம்பிக் கணிச்சியில் (SWG) 28 ஆம் இலக்கக் கம்பியை எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் 0.376 மில்லிமீற்றர், குறுக்குவெட்டுப் பரப்பளவு 0.111 சதுர மில்லிமீற்றர். இந்தத் தடிப்பில் ஒரு மீற்றர் நிக்குரோம் கம்பியின் தடை ஏறத்தாழ 9.9 ஓம், கொன்சுதந்தன் கம்பியின் தடை 4.4 ஓம் (இவை இரண்டும் கலப்புலோகங்கள்), செப்புக் கம்பியின் தடை வெறும் 0.16 ஓம். ஒரே நீளம், ஒரே தடிப்பு. ஆனால் முதலாவதற்கும் கடைசிக்கும் இடையில் அறுபது மடங்கு வேறுபாடு. நிக்குரோமுக்கு அருமையாக வேலை செய்யும் முறை செம்பிடம் தோற்றுப்போவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது அளவுகோல், இணைப்புக் கம்பிகளின் தடையும் தொடுகைத் தடையும் அளவீட்டுக்குள் நுழைகின்றனவா, நுழைந்தால் அவற்றை விலக்க வழி உண்டா என்பது. நமது ஊரில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. கடற்காற்றுப் படும் ஆய்கூடங்களில் பித்தளை முடிவிடங்கள் பச்சைக் களிம்பு பிடித்தே இருக்கும். அரத்தாளால் தேய்க்காத ஒரு முடிவிடத்தின் தொடுகைத் தடை, ஒரு மீற்றர் செப்புக் கம்பியின் தடையையே விழுங்கிவிடக்கூடும்.

மூன்றாவது, கம்பி எவ்வளவு சூடாகிறது என்பது. நான்காவது, மின்கலத்தின் உறுதியிலும் மானியின் அளவிடையிலும் விடை எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது. ஐந்தாவது, செலவும் நேரமும். இதில் கடையில் கொடுக்கும் பணத்தை விடக் கண்ணுக்குத் தெரியாத செலவுகளே பெரியவை. பரீட்சைக்குத் தயாராகிறவர்களுக்கு ஆறாவதாக ஒன்றும் உண்டு: அமைப்புக் கட்டுரை வினாவில் எதைப் பற்றிக் கேட்பார்கள் என்பது.

## பல்மானியை நேரடியாக வைத்து அளத்தல்

இதை விட எளிய முறை இல்லை. குமிழைத் தடை வீச்சுக்குத் திருப்பி, இரு முனைகளையும் கம்பியில் வைத்தால் எண் தெரிகிறது. ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பல்மானி இப்போது வீடுகளிலும் இருக்கிறது.

குறை அதன் மிகச் சிறிய வீச்சில் இருக்கிறது. சாதாரண மலிவுப் பல்மானியில் அது 200 ஓம். அதில் அளக்கக்கூடிய மிகச் சிறிய படி 0.1 ஓம். அதற்கு மேலாக, முனைகளை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தாலே 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டும். அது இணைப்புக் கம்பிகளினதும் தொடுகைகளினதும் தடை. தங்குதன் கண்டுபிடித்த மாணவரின் பல்மானி முனைகளைத் தொட்டபோது 0.3 ஓம் காட்டியது. அவர் வாசித்த 0.5 இல் பெரும்பகுதி செம்பே அன்று. 0.3 ஐக் கழித்தால் எஞ்சுவது 0.2, அதிலும் 0.1 வரை ஐயம். ஐம்பது சதவீத ஐயமுள்ள ஓர் எண்ணை மூன்று தசமதானத்துக்குப் பெருக்கி எழுதுவதில் பொருளில்லை.

மறைந்திருக்கும் செலவு கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. மானியின் வழுவை "வாசிப்பின் இத்தனை சதவீதமும், இத்தனை இலக்கங்களும்" என்று அங்கே குறித்திருப்பார்கள். சதவீதத்தைப் பார்ப்பவர்கள் இலக்கங்களைப் பார்ப்பதில்லை. ஐந்து இலக்கம் என்றால் இந்த வீச்சில் 0.5 ஓம். நிக்குரோமின் 9.9 ஓமில் அது 5 சதவீதம், கொன்சுதந்தனின் 4.4 ஓமில் 11 சதவீதம், செம்பில் மூன்று மடங்கு. உள்ளே இருக்கும் மின்கலம் தளர்ந்திருந்தால் வாசிப்பு மேலும் விலகும்.

இருந்தும் இந்த முறையை ஒதுக்கிவிட முடியாது. 20, 40, 60, 80, 100 சென்ரிமீற்றர் நீளங்களில் வாசிப்பு எடுத்து, நீளத்துக்கு எதிராகத் தடையை வரைபாக்கிப் படித்திறனை, அதாவது கோட்டின் சாய்வை, மட்டும் எடுத்தால், இணைப்புத் தடை கோடு அச்சை வெட்டும் வெட்டுத்துண்டாக ஒதுங்கிவிடும். நிக்குரோமுக்கு அது போதும். கடையில் தந்த கம்பி நிக்குரோமா கொன்சுதந்தனா என்று அறியவேண்டுமாயின் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. இரண்டின் தடைத்திறன்களும் ஒன்றுக்கொன்று இரு மடங்குக்கு மேல் வேறுபடுவதால், 10 சதவீத வழுவோடும் அடையாளம் தெரிந்துவிடும்.

## அம்பியர்மானியும் உவோல்ற்றுமானியும்

1827 இல் ஓம் தம்முடைய விதியை வெளியிட்டதிலிருந்து பள்ளிப்பிள்ளைகள் கையாளும் வழி இதுவே: கம்பியூடாக மின்னோட்டத்தைச் செலுத்தி, அதன் குறுக்கேயுள்ள அழுத்தவேறுபாட்டை அளந்து, ஒன்றை மற்றதால் வகுத்தல். கம்பியின் தடை சிறியதாக இருப்பதால், உவோல்ற்றுமானியைக் கம்பிக்கு மட்டும் குறுக்கே இணைத்து, அம்பியர்மானியை வெளியே விடவேண்டும். அப்போது உவோல்ற்றுமானி இழுக்கும் சிறிதளவு மின்னோட்டமே வழு. மாற்றி இணைத்தால் அம்பியர்மானியின் தடை முழுவதும் விடைக்குள் வந்துவிடும். அமைப்புக் கட்டுரை வினாக்களில் மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

இந்த முறையின் பெருமை, அது நீளத்தோடு விளையாட இடம் தருவது. மின்னோட்டத்தை 0.3 அம்பியரில் மாறாது வைத்துக்கொண்டு, உவோல்ற்றுமானியின் ஒரு முனையைக் கம்பி வழியே நகர்த்திச் சென்றால், நீளத்துக்கு எதிரான அழுத்தவேறுபாட்டு வரைபு ஒரு நேர்கோடாக வரும். படித்திறனை மின்னோட்டத்தால் வகுத்துப் பரப்பளவால் பெருக்கத் தடைத்திறன் கிடைக்கும். அழுத்தவேறுபாட்டை அளக்கும் தொடுகைகள் மின்னோட்டத் தொடுகைகளிலிருந்து தனித்திருப்பதால், முனைகளிலுள்ள களிம்பு விடையைத் தொடுவதில்லை.

குறை ஊசிமானிகளின் அளவிடையில் வருகிறது. கொன்சுதந்தன் கம்பியில் 0.3 அம்பியருக்கு 1.32 உவோல்ற்று கிடைக்கும். 3 உவோல்ற்று வரை செல்லும், 0.1 உவோல்ற்றுப் பிரிவுகளுடைய பாடசாலை உவோல்ற்றுமானியில் அரைப் பிரிவு ஐயம் என்றாலும் அது 4 சதவீதம். வரைபு அதைத் தணிக்கும், இல்லாமற் செய்யாது. செம்பிலோ 0.3 அம்பியருக்கு 0.05 உவோல்ற்றுதான், ஊசி அசைந்ததா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கவேண்டியிருக்கும். ஊசியை அசைக்க மின்னோட்டத்தைக் கூட்டினால் உலர்கலம் தளரும், கம்பி சூடாகும், தடை மாறும். ஒரு வழுவைக் குறைக்கப் போய் வேறு இரண்டை வாங்கிக்கொள்வோம்.

கொன்சுதந்தன், நிக்குரோம் கம்பிகளுக்கும், வகுப்பறையில் தத்துவத்தைக் காட்டுவதற்கும் நான் முதலிற் தெரிவது இந்த முறையையே. இருபது மாணவர்கள் ஒரே நேரத்தில் பார்க்கும்படி செய்து காட்டக்கூடியதும் இதுதான்.

## மீற்றர்ப் பாலம்

உவீத்தன் பாலம் என்ற பெயர் நிலைத்துவிட்டாலும், அந்தச் சுற்றை 1833 இல் முதலில் விவரித்தவர் சாமுவேல் ஹன்ரர் கிறிஸ்ரி; சார்ல்ஸ் உவீத்தன் அதை 1843 இல் எடுத்துப் பரப்பினார். மீற்றர்ப் பாலம் அதன் பள்ளிக்கூட வடிவம்: ஒரு மீற்றர் நீளமான சீரான கம்பி, இரண்டு இடைவெளிகள், மிகச் சிறு மின்னோட்டத்தைக் காட்டும் ஒரு கல்வனோமானி, கம்பியைத் தொடும் ஒரு வழுக்கு சாவி. ஓர் இடைவெளியில் தெரியாத தடையும், மற்றதில் பெறுமானம் தெரிந்த நியமத் தடையும் இருக்கும்; கல்வனோமானி பூச்சியம் காட்டும் சமநிலைப் புள்ளி கம்பியைப் பிரிக்கும் நீளங்களின் விகிதமே தடைகளின் விகிதம்.

இதன் அழகு, மானியின் அளவிடையில் விடை தங்கியிருப்பதில்லை என்பது. கல்வனோமானி பூச்சியத்தைக் காட்டினால் போதும். அதன் அளவிடை பிழையாக இருந்தாலும் பூச்சியம் பூச்சியமே. மின்கலம் சற்றுத் தளர்ந்தாலும் சமநிலைப் புள்ளி நகராது. 5 ஓம் நியமத் தடைக்கு எதிரே கொன்சுதந்தன் கம்பியின் 4.4 ஓமை வைத்தால், சமநிலை 46.8 சென்ரிமீற்றரில் அமையும்; அதில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தாலும் தடையில் வழு 0.4 சதவீதமே. ஊசிமானிகள் தரும் 4 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது பத்து மடங்கு முன்னேற்றம்.

ஆனால் இந்த 0.4 சதவீதம் நடுப்பகுதிக்கு மட்டும் உரியது. சமநிலை 10 சென்ரிமீற்றருக்கு ஒதுங்கினால் அதே ஒரு மில்லிமீற்றர் 1.1 சதவீதமாகும், 3 சென்ரிமீற்றருக்குப் போனால் 3.4 சதவீதம். முனைகளில் பாலக் கம்பி பற்றாசு வைக்கப்பட்ட இடங்களின் தடை, சில மில்லிமீற்றர் நீளத்துக்குச் சமமான முனை வழுவைத் தரும். சமநிலை ஓரத்துக்குப் போகப்போக அது பெரிதாகும். எனவே நியமத் தடையைத் தெரியாத் தடைக்கு நெருக்கமாகத் தெரிந்துகொள்ளவேண்டும். இரண்டையும் இடம் மாற்றி இன்னொரு தடவை அளந்து சராசரி எடுக்கவேண்டும். இடம் மாற்றாமல் எடுத்த வாசிப்பை நான் அரைவாசி வேலையாகவே கருதுவேன்.

ஒரு மீற்றர் செம்புக்கு மீற்றர்ப் பாலம் ஆகாது. 1 ஓம் நியமத் தடைக்கு எதிரே சமநிலை ஏறத்தாழ 14 சென்ரிமீற்றரில் வரும் என்பதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; இடைவெளியின் முடிவிடங்களில் 0.02 ஓம் தொடுகைத் தடை இருந்தால் அதுவே விடையின் 12 சதவீதம் என்பதைப் பொறுக்கமுடியாது. பாலம் தன் இடைவெளிக்குள் இருப்பதையெல்லாம் சேர்த்தே அளக்கும். கம்பி எது களிம்பு எது என்று அதற்குத் தெரியாது. தப்பும் வழி ஒன்று உண்டு: மோட்டர் சுற்றும் கடையில் பத்து மீற்றர் வாங்கிச் சுருளாகச் சுற்றுவது. அப்போது தடை 1.6 ஓம், அதே 0.02 ஓம் 1.2 சதவீதமாகச் சுருங்கிவிடும்.

மறைந்திருக்கும் செலவு, பாலக் கம்பியின் ஆயுள். வழுக்கு சாவியைக் கம்பியோடு அழுத்தி இழுக்கும் பழக்கம் உள்ள ஓரிரு அணி மாணவர்கள் போதும். கம்பி ஆங்காங்கே தேய்ந்து சீர்மை இழந்துவிடும். வெளிப்பார்வைக்குப் பாலம் புதிதாகவே இருக்கும், விடை மட்டும் பிசகும். நகருக்கு வெளியேயுள்ள ஒரு பாடசாலையில், தெரிந்த இரு தடைகளை வைத்துச் சோதித்தபோது ஒரு பாலம் நடுப்பகுதியிலேயே ஒரு சென்ரிமீற்றர் விலகிக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். தொட்டு எடுத்து, தொட்டு எடுத்துத்தான் தேடவேண்டும், இழுக்கக்கூடாது.

ஏறத்தாழ 2 முதல் 20 ஓம் வரையான தடைகளுக்கு மீற்றர்ப் பாலத்துக்கு ஈடில்லை. தடை வெப்பநிலையோடு மாறுவதைப் பின்தொடரவும் அதுவே சிறந்தது: செம்பின் தடை ஒரு செல்சியஸ் பாகைக்கு 0.39 சதவீதம் கூடுகிறது. பாலம் பிரித்தறியும் 0.4 சதவீதமும் அதுவே. கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளையும் வெப்பமானி இல்லாமல் ஒரு செப்புச் சுருளைக் கொண்டே வரிசைப்படுத்தலாம் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

## அழுத்தமானி

தெரியாத கம்பியையும் நியமத் தடையையும் தொடராக இணைத்து, இரண்டிலும் ஒரே மின்னோட்டத்தைச் செலுத்தி, ஒவ்வொன்றின் குறுக்கேயும் உள்ள அழுத்தவேறுபாட்டை, தனிக் கலமொன்றோடு இணைந்த சீரான அழுத்தமானிக் கம்பியின் ஒரு நீளத்தோடு சமப்படுத்தினால், சமநிலை நீளங்களின் விகிதமே தடைகளின் விகிதம். சமநிலையில் அளக்கும் கிளையில் மின்னோட்டமே இல்லை. ஆகவே அதன் தொடுகைத் தடைகளும் விடையைத் தீண்டா. சிறு தடைக்கு இதை விடத் தூய்மையான வழி பள்ளி ஆய்கூடத்தில் இல்லை.

செய்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் விலை தெரியும். 2 உவோல்ற்றுச் சேமிப்புக் கலத்தை நேரே ஒரு மீற்றர் கம்பிக்குக் கொடுத்தால், ஒரு சென்ரிமீற்றருக்கு 20 மில்லிஉவோல்ற்று விழும். 0.15 அம்பியர் செல்லும் நமது செப்புக் கம்பியின் 24 மில்லிஉவோல்ற்றுக்குச் சமநிலை நீளம் 1.2 சென்ரிமீற்றர், அதை அளந்து பயனில்லை. அழுத்தமானிக் கம்பியின் தடை 5 ஓம் என்றால், 45 ஓமைத் தொடராகச் சேர்த்து முழுக் கம்பியின் வீழ்ச்சியையும் 0.2 உவோல்ற்றாகக் குறைக்கவேண்டும். அப்போது செம்பு 12 சென்ரிமீற்றரிலும் 1 ஓம் நியமத் தடை 75 சென்ரிமீற்றரிலும் சமப்படும். இவ்வளவும் செய்து முடிக்கும் வரை இரு சுற்றுகளின் மின்னோட்டங்களும் அசையாதிருக்கவேண்டும். உலர்கலத்தில் அது நடவாது. ஏற்றிய சேமிப்புக் கலம் வேண்டும், சுற்றை மூடியபின் சில நிமிடம் பொறுத்திருக்கவும் வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் முதற் தடவையே செய்து முடித்த அணியை நான் கண்டதில்லை.

தத்துவத்துக்காகவும் பரீட்சைக்காகவும் கற்கவேண்டிய முறை; விடைக்காக மட்டும் என்றால் அடுத்ததைப் பாருங்கள்.

## அழுத்தமானியின் எண்ணம், பல்மானியின் கை

தடைமானியாகத் தோற்ற அதே மலிவுப் பல்மானி, மில்லிஉவோல்ற்றுமானியாக அபாரமானது. 200 மில்லிஉவோல்ற்று வீச்சில் 0.1 மில்லிஉவோல்ற்று வரை வாசிக்கலாம். அதன் உட்தடையும் மிகப் பெரியது என்பதால், ஓமின் பின்னத்திலுள்ள ஒரு கம்பியிலிருந்து அது இழுக்கும் மின்னோட்டம் கணக்கில் எடுக்கத் தக்கதன்று. அழுத்தமானியின் விகித எண்ணத்தை இதனோடு சேர்த்தால், வேறு மானியே தேவையில்லை.

செய்யும் விதம் இது. உலர்கலம், பத்து ஓம் அளவிலான ஒரு கட்டுப்படுத்தும் தடை, தடைப்பெட்டியிலிருந்து 1 ஓம், அளக்கவேண்டிய கம்பி ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். மின்னோட்டத்தைக் கொடுக்கும் முதலைக் கவ்விகள் கம்பியின் இரு கோடிகளிலும் இருக்கட்டும். பல்மானியின் முனைகளை அவற்றுக்கு உட்புறமாக, சரியாக ஒரு மீற்றர் இடைவெளியில் தொடுங்கள். நீளம் என்பது இந்த உட்தொடுகைகளுக்கு இடைப்பட்டது, கவ்விகளுக்கு இடைப்பட்டது அன்று. முதலில் 1 ஓமின் குறுக்கே வாசியுங்கள், பிறகு கம்பியின் குறுக்கே, பிறகு மறுபடியும் 1 ஓமின் குறுக்கே. முதலாவதும் மூன்றாவதும் ஒத்திருந்தால் கலம் இடையில் தளரவில்லை என்பது உறுதி. சற்று வேறுபட்டால் சராசரி எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தங்குதன் கம்பியை அன்றே இப்படி அளந்தோம். 1 ஓமின் குறுக்கே 150.0, கம்பியின் குறுக்கே 24.2, மறுபடியும் 150.0 மில்லிஉவோல்ற்று. விகிதம் 0.1613, ஆகவே கம்பியின் தடை 0.1613 ஓம். இரு வாசிப்புகளும் ஒரே மானியின் ஒரே வீச்சில் எடுக்கப்பட்டதால், மானியின் அளவிடை ஒரு சதவீதம் கூட்டியோ குறைத்தோ காட்டினாலும் விகிதத்தில் அது அடிபட்டுப் போகிறது. எஞ்சுவது 24.2 இன் கடைசி இலக்கத்திலுள்ள ஐயம்: ஏறத்தாழ 0.4 சதவீதம். மீற்றர்ப் பாலம் கொன்சுதந்தனுக்குக் கொடுத்த நுணுக்கத்தை இது செம்புக்குக் கொடுக்கிறது. கம்பியில் விரயமாகும் வலு 4 மில்லிஉவாற்றுக்கும் குறைவு. சூடேற வழியே இல்லை.

இதற்கும் செலவு உண்டு. 1 ஓம் உண்மையிலேயே 1 ஓமாக இருக்கவேண்டும். தடைப்பெட்டியின் செருகிகள் களிம்பேறித் தளர்ந்திருந்தால் அது 1.05 ஆக இருக்கலாம். அந்த 5 சதவீதம் அப்படியே விடைக்குப் போகும். பெட்டியின் செருகிகளைத் துடைத்து, அழுத்தித் திருகிப் பொருத்தியபின் தொடங்குங்கள். இன்னொன்று, வெவ்வேறு உலோகங்கள் தொடும் இடங்களில் வெப்பநிலை வேறுபட்டால் சிறு மின்னியக்க விசை பிறக்கும்; செம்பும் கொன்சுதந்தனும் தொடும் இடத்தில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 40 மைக்குரோஉவோல்ற்று. விரலால் பிடித்துச் சூடாக்கிய முனை மில்லிஉவோல்ற்று வாசிப்பைச் சற்றுப் பிசகச் செய்யக்கூடும். மின்னோட்டத்தைத் திசைமாற்றி இரண்டாம் முறை வாசித்துச் சராசரி எடுத்தால் இது நீங்கும்.

ஊசிமானி, பாலம், அழுத்தமானி எதுவும் இல்லாத பாடசாலைக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால், இந்த ஒழுங்குக்குத் தேவையான ஒரு பல்மானியையும் ஒரு நல்ல 1 ஓம் நியமத் தடையையும் முதலில் வாங்குங்கள் என்பேன்.

| முறை | நிக்குரோம், 9.9 ஓம் | கொன்சுதந்தன், 4.4 ஓம் | செம்பு, 0.16 ஓம் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| பல்மானி நேரடியாக | வரைபோடு போதும் | அடையாளம் காண மட்டும் | ஆகாது | கையேட்டின் இலக்க வழு |
| அம்பியர்மானி, உவோல்ற்றுமானி | நன்று | நன்று | ஊசிமானியில் ஆகாது | கலம் தளர்தல், சூடாதல் |
| மீற்றர்ப் பாலம் | மிக நன்று | மிக நன்று | பத்து மீற்றர் சுருளுக்கு மட்டும் | பாலக் கம்பியின் தேய்வு |
| அழுத்தமானி | தேவைக்கு மிஞ்சியது | நன்று | நன்று | நேரம், சேமிப்புக் கலம் |
| பல்மானியும் நியமத் தடையும் | நன்று | நன்று | மிக நன்று | நியமத் தடையின் நேர்மை |

## எந்த முறையிலும் தப்பமுடியாத விட்டம்

இவ்வளவு நேரம் தடையின் வழுவை 4 இலிருந்து 0.4 சதவீதத்துக்கு இறக்குவதைப் பற்றிப் பேசினோம். இப்போது நுண்மானித் திருகுக் கணிச்சியைக் கையில் எடுங்கள். அதன் இழிவெண்ணிக்கை, அதாவது அது வாசிக்கும் மிகச் சிறிய படி, 0.01 மில்லிமீற்றர். 0.376 மில்லிமீற்றர் கம்பி அதில் 0.38 என்று வாசிக்கும். 0.01 ஐயம் விட்டத்தில் 2.6 சதவீதம்; பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தில் தங்கியிருப்பதால் அது இரட்டித்து 5.3 சதவீதமாகிறது. மீற்றர்ப் பாலத்தில் பாடுபட்டு ஈட்டியதெல்லாம் இங்கே ஒரே வாசிப்பில் கரைந்துபோகிறது. 0.1 மில்லிமீற்றர் இழிவெண்ணிக்கையுள்ள வேணியர் இடுக்கியைப் பற்றிப் பேசவே வேண்டாம்; அதில் பரப்பளவின் வழு ஐம்பது சதவீதத்தைத் தாண்டும்.

பாடநூல் சொல்வது, ஐந்து இடங்களில், ஒவ்வோரிடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்து, பூச்சிய வழுவைத் திருத்திச் சராசரி எடுக்கும்படி. அது அவசியம், ஆனால் கணிச்சியின் படியை அது முற்றாகத் தாண்டாது. தடித்த கம்பியை எடுத்தால் விட்டத்தின் சதவீத வழு குறையும், ஆனால் தடையும் குறைந்து அளக்கக் கடினமாகும். ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும் இந்த இழுபறியே கம்பியைத் தெரிவதன் உள்ளர்த்தம்.

நான் விரும்பும் வழி நிறுத்துப் பார்ப்பது. நகைக்கடைத் தராசு 0.01 கிராம் வரை காட்டும். இரண்டு மீற்றர் செப்புக் கம்பியை நிறுத்தால் 1.99 கிராம், செம்பின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 8.96 கிராம், அடர்த்தியாலும் நீளத்தாலும் வகுத்தால் பரப்பளவு 0.111 சதுர மில்லிமீற்றர் எனக் கிடைக்கும், வழு 0.5 சதவீதமே. கம்பி சரியான வட்டமாக இல்லாவிட்டாலும், ஆங்காங்கே மெலிந்திருந்தாலும் கவலை இல்லை. சராசரிப் பரப்பளவு தானே வந்துவிடும். தூய உலோகங்களுக்கு இது மிகவும் பொருத்தம். கலப்புலோகங்களின் அடர்த்தி கலவை விகிதத்தோடு சற்று மாறுவதால், நிக்குரோமுக்கும் கொன்சுதந்தனுக்கும் கணிச்சியே பாதுகாப்பு.

மோட்டர் சுற்றும் கடையில் வாங்குகிறவர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டிய ஒன்று: அந்தக் கம்பியின் மேல் எனாமல் பூச்சு உண்டு. செம்பைப் போலவே மின்னுவதால் கண்ணுக்குத் தெரியாது. பூச்சோடு அளந்து 0.416 மில்லிமீற்றர் என்று எழுதினால், பரப்பளவும் தடைத்திறனும் 22 சதவீதம் கூடிவிடும். பூச்சோடு நிறுத்தாலும் சில சதவீதம் கூடும். நுண்ணிய அரத்தாளை மடித்து அதனூடாகக் கம்பியை மெதுவாக இழுத்துப் பூச்சை நீக்கியபின்னரே அளக்கவோ நிறுக்கவோ வேண்டும்.

## அட்டவணையோடு ஒப்பிடும் முன் வெப்பமானியைப் பாருங்கள்

பாடநூல் அட்டவணைகளில் செம்புக்குக் காணப்படும் 1.7 × 10⁻⁸ ஓம் மீற்றர் என்பது பொதுவாக 20 பாகை செல்சியஸுக்கு உரியது. திருகோணமலையில் அந்த வெப்பநிலையில் ஆய்கூடம் நடப்பதில்லை. கச்சான் வீசிய அந்தப் பிற்பகலில் எமது அறையில் 31 பாகை. மென்பதமாக்கிய செம்பின் 1.72 × 10⁻⁸ என்ற பெறுமானத்தை 11 பாகைக்குத் திருத்தினால் 1.79 × 10⁻⁸ ஆகும், 4.3 சதவீத ஏற்றம். இதை அறியாத மாணவர், தம் விடை அட்டவணையோடு பொருந்தவில்லை என்று, சரியாக எடுத்த வாசிப்பை அழித்து, பொருந்தும் எண்ணை எழுதிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கொன்சுதந்தனில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. தடை வெப்பநிலையோடு மிகச் சிறிதே மாறும் கலப்புலோகம் அது. முதற் தடவை அளக்கிறவர்களுக்கு அதையே நான் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தங்குதன் கம்பியின் கதை இப்படி முடிந்தது. 0.1613 ஓமை, திருகுக் கணிச்சியின் 0.38 மில்லிமீற்றரோடு சேர்த்துக் கணித்தபோது 1.83 × 10⁻⁸ ஓம் மீற்றர் வந்தது. பூச்சு நீக்கி நிறுத்துப் பெற்ற பரப்பளவோடு கணித்தபோது 1.79 × 10⁻⁸. மாணவர் தம் பயிற்சிக் கொப்பியில் "தங்குதன்" என்பதை ஒரே கோட்டால் வெட்டி, அதற்கு மேலே "செம்பு, 31 பாகை செல்சியஸ்" என்று எழுதினார்.